ரத்தம் காணாத கத்தி

காமா கத்தி என்று ஒரு வைத்தியக் கருவி இருக்கிறது. அதில் கத்தி இருப்பது பெயரில் மட்டும்தான். பொன்னம்மாள் என்று பெயர் வைத்துக்கொண்டு, காதில் பித்தளைத் தோடுகூட இல்லாமல் வளைய வருகிறவர்களை நாம் பார்த்ததில்லையா? அந்த மாதிரி. கூரான முனை இல்லை. வெட்டும் வாய் இல்லை. மண்டை ஓட்டுக்குள் ஒரு சொட்டு ரத்தம் சிந்துவதில்லை. ஆனால் எந்த ரண சிகிச்சை நிபுணரின் கையும் சுலபமாகப் போய்ச் சேர முடியாத மூளையின் நடுவில் அது தன் வேலையைச் செய்துவிடுகிறது. கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இதில் என்ன அக்கறை என்று நீங்கள் கேட்கலாம். சொல்கிறேன்.

ஸ்வீடன் தேசத்தில் லார்ஸ் லெக்ஸெல் என்று ஒரு டாக்டர் இருந்தார். 1907-ல் பிறந்தவர், மூளை ரண சிகிச்சையில் கை தேர்ந்தவர். அவர் தொழில் பழகிய காலத்தில் மண்டையைத் திறப்பது என்பது ஏறக்குறைய யமனோடு பேரம் பேசுகிற காரியம். ஆழத்தில் உள்ள கோளாறை எடுக்க வேண்டுமானால், வழியில் உள்ள நல்ல மூளையை விலக்கிக்கொண்டு போக வேண்டும். அப்படி விலக்கும்போது பேச்சு போகலாம், கை போகலாம், பார்வை போகலாம். லெக்ஸெலுக்கு இது பிடிக்கவில்லை. நோயாளியின் தலையில் பொருத்துவதற்கு ஓர் உலோகச் சட்டம் செய்து, 1949-ல் அதைப் பற்றி எழுதினார். முன் பின், இடம் வலம், மேல் கீழ் என்று மூன்று எண்கள். தெருவும் கதவிலக்கமும் தெரிந்தால் தபால்காரர் வந்து சேருகிற மாதிரி, மூளைக்குள் எந்தப் புள்ளிக்கும் ஓர் ஊசி போய்ச் சேர்ந்துவிடும். லண்டனில் ஹார்ஸ்லியும் கிளார்க்கும் 1908-லேயே பிராணிகளுக்கு இப்படி ஒரு சட்டத்தைச் செய்திருந்தார்கள். மனிதத் தலைக்குத் தகுந்தபடி அதைக் கையாளச் சுலபமாக்கியவர்களில் லெக்ஸெல் ஒருவர்.

விலாசம் கிடைத்துவிட்டது. ஊசி எதற்கு, கதிரையே அனுப்பினால் என்ன என்று அடுத்தபடியாக அவர் யோசித்தார். 1951-ல் அந்த யோசனையை எழுதியபோது அதற்குக் கதிர் ரண சிகிச்சை என்று பொருள்படும் ஒரு புதுச் சொல்லையும் உண்டாக்கினார். முதலில் எக்ஸ்-ரே குழாயைச் சட்டத்தில் மாட்டிப் பார்த்தார். பிறகு உப்சாலா நகரத்து விஞ்ஞானி போர்யே லார்ஸனோடு சேர்ந்து புரோட்டான் கதிர்களை முயன்று பார்த்தார். பலன் இருந்தது. ஆனால் அந்த ராட்சத இயந்திரம் ஆஸ்பத்திரி வார்டுக்குள் வந்து உட்காருகிற ஜாதியில்லை. கடைசியில் கோபால்ட் உலோகத்தில் வந்து நின்றார்கள். 1968-ல் ஸ்டாக்ஹோமில் சோஃபியாஹெம்மெட் ஆஸ்பத்திரியில் முதல் காமா கத்தி வேலைக்கு வந்தது. யோசனை பிறந்து பதினேழு வருஷம் ஆகியிருந்தது.

அது வேலை செய்யும் விதத்தைப் புரிந்துகொள்ள விஞ்ஞானம் படித்திருக்க வேண்டியதில்லை. தேர் இழுத்துப் பார்த்திருந்தால் போதும். வடத்தைப் பிடித்த ஒரு கைக்குத் தேரை அசைக்கிற பலம் கிடையாது. ஊர் கூடிப் பிடித்தால் தேர் நகர்கிறது. முதல் கருவியில் 179 கோபால்ட் துண்டுகள் தலையைச் சுற்றி வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு மெல்லிய கதிர். தனியாக அது கடந்து செல்லும் இடத்துக்குப் பெரிய கெடுதல் இல்லை. 179-ம் ஒரே புள்ளியில் சந்திக்கும்போது, அந்தப் புள்ளி தாங்காது. கருவிக்கும் வயசாகிறது என்பது இதில் ஒரு வேடிக்கை. சுமார் ஐந்தேகால் வருஷத்தில் கோபால்டின் சக்தி பாதியாகிவிடும். அதே அளவு கதிர் கொடுக்க இரண்டு பங்கு நேரம் ஆகும்.

லெக்ஸெல் இதைச் செய்தது முக்கியமாகத் தீராத வலிக்கும் கை நடுக்கத்துக்கும்தான். ஆனால் 1970-ல் அதே ஸ்டாக்ஹோமில் லாடிஸ்லாவ் ஸ்டைனர் என்ற டாக்டர் ஒரு ரத்தக் குழாய்ச் சிக்கலுக்கு அதைப் பயன்படுத்தினார். இந்தச் சிக்கலை நம் ஊர்ப் பாசனத்தை வைத்துச் சொல்லிவிடலாம். ஆற்று நீர் வாய்க்காலில் வந்து, கிளை வாய்க்கால்களில் பிரிந்து, வயலில் வேகம் தணிந்து, பிறகு வடிகாலில் இறங்குகிறது. மூளையிலும் அப்படித்தான். சிலருக்குப் பெரும்பாலும் பிறவியிலேயே வாய்க்கால் நேரே வடிகாலில் போய் விழுகிறது. நடுவில் வயல் இல்லை. ஆற்றின் வேகத்தை வடிகாலின் கரை எத்தனை நாள் தாங்கும்? ஒரு நாள் உடைந்தால், மூளைக்குள் ரத்தம். உடைகிற அபாயம் வருஷத்துக்கு நூற்றுக்கு இரண்டிலிருந்து நாலு என்கிறார்கள்.

கதிர் இந்தச் சிக்கலை எரித்துவிடுவதில்லை. குழாயின் உட்சுவரைப் புண்படுத்துகிறது, அவ்வளவுதான். புண் ஆறும்போது சுவர் தடிக்கிறது. உள்ளே வழி குறுகுகிறது. இரண்டு மூன்று வருஷத்தில் அடைபட்டுப் போகிறது. கதவைச் சாத்துவது டாக்டர் அல்ல, உடம்பேதான். அதுவரை உடைகிற அபாயம் இருக்கத்தான் செய்யும்.

எனக்குப் பழக்கமான ஒரு கணக்கு வாத்தியாருக்கு இந்தச் சிகிச்சை நடந்தது. ஒரு தடவை ரத்தம் கசிந்து, நல்ல வேளையாகப் பிழைத்து எழுந்தவர். காலையில் தலையில் சட்டத்தைத் திருகி மாட்டினார்கள், சாயங்காலம் கழற்றினார்கள், மறுநாள் வீட்டுக்கு வந்துவிட்டார். அவர் மனைவிக்குத்தான் மனசு சமாதானமாகவில்லை. "தையல் போட்டிருந்தால் பிரிக்கிற அன்னிக்கு முடிஞ்சுதுன்னு நம்பலாம். இதிலே எதைப் பார்த்து நம்பறது, சொல்லுங்கோ!" என்று என்னிடம் கேட்டார். நான் என்ன சொல்ல? பெண்ணின் கல்யாணத்தை மூன்று வருஷம் தள்ளிப் போடலாம் என்பது அந்த அம்மாளின் கட்சி. வாத்தியார் ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். "நூற்றிலே மூணுன்னா பாக்கி தொண்ணூற்றேழு எங்கே போச்சு?" என்றார். இப்போது இரண்டாவது வருஷம் நடக்கிறது. வருகிற தை மாசத்தில் முகூர்த்தம் வைத்திருக்கிறார்கள்.

கசியவே கசியாத சிக்கல் ஒருவருக்குத் தற்செயலாகத் தெரியவந்தால்? அதைத் தொடலாமா, விட்டுவிடலாமா? இதைக் கண்டறியப் பல தேசத்து ஆஸ்பத்திரிகள் சேர்ந்து ஒரு பரிசோதனை நடத்தின. அதன் பெயர் அரூபா. நம் பாஷையில் உருவமற்றது என்று அர்த்தம் வருவது தற்செயல்தான். 2014-ல் முடிவு வெளியாயிற்று. 223 பேரில் பாதிப் பேருக்கு மாத்திரை மருந்து மட்டும். மற்றவர்களுக்குக் கத்தியோ, குழாயை அடைக்கும் சிகிச்சையோ, கதிரோ, அல்லது இவற்றில் சில சேர்ந்தோ. சுமார் மூன்று வருஷத்துக்குள், தொடாமல் விட்டவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேர் பக்கவாதம் போன்ற தாக்குதலுக்கோ மரணத்துக்கோ ஆளானார்கள். தொட்டவர்களில் முப்பது பேர்! தொடாதவர்களே நன்றாக இருந்தார்கள். மூன்று வருஷக் கணக்கு போதாது, இருபத்தைந்து வயதுக்காரன் இன்னும் ஐம்பது வருஷம் வாழ வேண்டாமா, பல சிகிச்சைகளை ஒரே மூட்டையாகக் கட்டலாமா என்று ஆட்சேபித்த டாக்டர்களும் உண்டு. சர்ச்சை தீர்ந்தபாடில்லை. கையில் கருவி இருக்கும்போது சும்மா இருப்பது எத்தனை பெரிய வித்தை என்பது மட்டும் எனக்குப் புரிந்தது.

என் மனசை அதிகமாகத் தொட்டது வேறொரு பரிசோதனை. உடம்பில் வேறெங்கோ பிறந்த புற்றுநோய் மூளையில் ஒன்றிரண்டு இடங்களில் குடியேறிவிடுவதுண்டு. அந்த இடங்களை மட்டும் கூர்மையான கதிரால் தாக்கலாம். அதோடு, கண்ணுக்குத் தெரியாத விதைகள் வேறெங்கும் இருந்தால் அழியட்டும் என்று மூளை முழுவதுக்கும் லேசாகக் கதிர் கொடுக்கலாம். இரண்டாவதுதான் ஜாக்கிரதையான வழி என்று யாருக்கும் தோன்றும். அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்தில் 58 நோயாளிகளை வைத்துப் பார்த்து, 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். நோயாளியிடம் பன்னிரண்டு வார்த்தைகளைச் சொல்வார்கள். அவர் திருப்பிச் சொல்ல வேண்டும். நாலு மாதம் கழித்து மறுபடியும் அந்த மாதிரிப் பரீட்சை. முழு மூளைக்கும் கதிர் வாங்கியவர்களுக்குப் புதுக் கட்டிகள் குறைவாக வந்தது வாஸ்தவம். ஆனால் வார்த்தைகள் போய்விட்டன. ஞாபகம் குன்றுவதற்கான வாய்ப்பு அவர்களுக்கு நூற்றுக்கு 52. குறி வைத்த கதிரை மட்டும் வாங்கியவர்களுக்கு 24. வித்தியாசம் இவ்வளவு தெளிவாகத் தெரிந்ததும் பரிசோதனையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

பன்னிரண்டு வார்த்தைகள்! வார்த்தைகளையே நம்பி வாழ்கிறவனுக்கு இது சாதாரண விஷயமல்ல. பேத்தியின் பெயரும், பெண்டாட்டி நேற்றுச் சொன்னதும், பாதியில் நிற்கும் கதையும் அந்தப் பன்னிரண்டோடு சேர்ந்தவைதானே? கட்டி கரைந்து, ஆள் கரைந்துபோனால் யாருக்கு லாபம்? இந்தக் கேள்வியை டாக்டர்களே எழுப்பி, அளந்து, தங்கள் பழக்கத்துக்கு விரோதமான பதிலையும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

லெக்ஸெல் 1986-ல் காலமானார். கதிரை எங்கே செலுத்துவது என்பதுதான் அவர் காலத்துக் கவலை. இன்று எங்கே படாமல் காப்பது என்பதும் அதோடு சேர்ந்திருக்கிறது. மூளையின் அடியில் இரண்டு பக்கமும், கடல்குதிரை மாதிரி வளைந்த ஒரு சிறு உறுப்பு உண்டு. புது ஞாபகங்கள் உருவாவது அதன் தயவில். முழு மூளைக்கும் கதிர் கொடுத்தே தீரவேண்டிய நோயாளிகளுக்கு, அந்தக் கடல்குதிரையை மட்டும் ஒதுக்கிவிட்டுக் கொடுத்தால் நினைவு அவ்வளவாகக் கெடுவதில்லை என்று 2020-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டியது. 500 பேருக்கு மேல் அதில் கலந்துகொண்டார்கள். அவர்களில் பலருக்குத் தங்கள் ஆயுள் நீளாது என்பது தெரிந்திருக்கும். இருந்தும் வரிசையாக உட்கார்ந்து, யாரோ சொன்ன வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லிக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.