இரண்டு பழுதுகள்

திருவாமாத்தூரில் அக்கா வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, அம்மா சொல்லச் சொல்ல ஒப்பாரிப் பாடல்களைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். அம்மாவுக்கு 82 வயது. ஒரு முறை சொன்னதை மறுமுறை அதே வரிசையில் சொல்ல அவரால் இயலாது. பாட்டி இறந்த அன்று அழுத பாட்டின் நடுவில் மடிக்கணினி அணைந்தது. சார்ஜர் செருகியிருந்தது, பேட்டரி 43 சதவீதம் என்று காட்டியது. எச்சரிக்கை ஏதுமில்லை. மீண்டும் உயிர்ப்பித்தபோது கடைசி இருபது வரிகள் இல்லை. அம்மாவின் நினைவிலும் இல்லை.

அந்த வாரத்தில் அது நான்காவது முறை. முதலில் ஊர் மின்சாரத்தைச் சந்தேகித்தேன். தலைக்கு மேல் விசிறி சீராகவே சுழன்றுகொண்டிருந்தது. அடுத்து அக்கா மகனைச் சந்தேகித்தேன். பதினோராம் வகுப்பு படிப்பவன். நான் உறங்கியபின் கணினியை எடுத்து விளையாடுவான் என்று தோன்றியது. சற்றுக் கடுமையாகவே கேட்டுவிட்டேன்.

"நான் தொடவே இல்ல. வட்டப்பாறையில வந்து சத்தியம் பண்ணட்டா மாமா?" என்றான்.

அபிராமேசுவரர் கோயிலின் வட்டப்பாறை பொய்ச் சத்தியத்தைப் பொறுக்காது என்பது அவ்வூரின் நம்பிக்கை. அங்கே பிறந்தவர்கள் அந்தச் சொல்லை விளையாட்டுக்குச் சொல்வதில்லை. இருந்தும் நான் பதில் பேசாமல் இருந்துவிட்டேன்.

மறுநாள் அவனே வந்து, "ரெண்டையும் தனித்தனியா பார்க்கலாம் மாமா" என்றான். பேட்டரியைக் கழற்றிவிட்டு, சார்ஜரில் மட்டும் ஓட்டினோம். ஒரு மணி நேரம் ஓடியது. முள்ளருகே கம்பியைச் சற்று வளைத்ததும் சட்டென்று அணைந்தது. உறைக்குள் கம்பி அறுந்து, தொட்டும் தொடாமலும் இருந்திருக்கிறது. பிறகு பேட்டரியில் மட்டும் ஓட்டினோம். எழுத்து வேலைக்குத் தாங்கியது. ஒரு காணொளியை ஓடவிட்டதும் நாற்பது சதவீதத்திலேயே படுத்துவிட்டது. விண்டோஸ் தரும் பேட்டரி அறிக்கையை எடுத்துப் பார்த்தோம். புதிதாக இருந்தபோது 48,000 மில்லிவாட்-மணி கொண்ட பேட்டரி, இப்போது 17,000-தான் கொள்கிறது.

லித்தியம் அயான் மின்கலம் 1991-இல் சந்தைக்கு வந்தது. அதை உருவாக்கியதற்காக 2019-இல் மூவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அத்தனை பெருமைக்கும் மூப்பு விலக்கல்ல. பயன்படுத்தினாலும் தேயும், சும்மா வைத்தாலும் தேயும். எப்போதும் நிறைந்த நிலையில் வெப்பத்தில் வைத்திருந்தால் இன்னும் விரைவாகத் தேயும். வயதாக ஆக உள்தடை கூடுகிறது. திடீரென்று அதிக மின்சாரம் கேட்டால் மின்னழுத்தம் சரிந்துவிடுகிறது; அது எல்லைக்குக் கீழே போனதும் மின்சாரம் துண்டிக்கப்படுகிறது. திரையில் தெரியும் சதவீதம் அளந்து சொன்னதல்ல, கணித்துச் சொன்னது. கிழட்டு மின்கலத்தில் அந்தக் கணிப்பு தவறுவது இயல்பு.

கம்பி விட்டுப்போன ஒவ்வொரு நொடியையும் பேட்டரி தாங்கிப் பிடித்திருக்கிறது. எப்போதும் கம்பியிலேயே இருந்ததால் பேட்டரியின் தளர்ச்சி கண்ணுக்குத் தெரியவில்லை. கேட்ட மின்சாரம் அதிகமாக இருந்த நொடியில் கம்பியும் விட்டால் மட்டுமே கணினி அணைந்தது. திருவாமாத்தூர்க் கலம்பகம் பாடிய இரட்டைப் புலவர்களில் ஒருவருக்குக் கண் இல்லை, மற்றவருக்குக் கால் இல்லை. கண் இல்லாதவர் சுமக்க, கால் இல்லாதவர் வழிகாட்ட, ஊர் ஊராகப் போனார்கள். என் கணினியிலும் இரண்டு ஊனங்கள் ஒன்றையொன்று சுமந்துதான் இத்தனை நாள் ஓட்டியிருக்கின்றன. நான் ஒரே குற்றவாளியைத் தேடிக்கொண்டிருந்தேன். அப்படித் தேடியதால்தான் ஒரு பையன் அகப்பட்டான்.

விழுப்புரத்திற்குப் போய் இரண்டையும் புதிதாக வாங்கி வந்தோம். பேருந்தில் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். சன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "அடிக்கடி சேவ் பண்ணுங்க மாமா, அது போதும்" என்றான்.

அன்று மாலை அம்மா அந்தப் பாட்டை மறுபடியும் தொடங்கினார். வேறு வரிகள் வந்தன. அவற்றையும் எழுதிக்கொண்டேன். போன இருபது வரிகள் போனவைதான்.