காருக்கு வந்த வெள்ளி

ஜெர்மனியில் புனித வெள்ளிக்குப் பெயர் 'கார்ஃப்ரைடாக்'. பழைய ஜெர்மனில் 'காரா' என்றால் துக்கம். அந்த ஊர் வாலிபர்கள் அதை நிஜக் காராக்கி, அன்றைக்குக் கூட்டம் கூட்டமாக நூர்பர்க்ரிங்குக்குக் கிளம்பிவிடுகிறார்கள்.

கொலோனிலிருந்து பள்ளித்தோழனின் பழைய போர்ஷேயில் நானும் போனேன். 1927-ல் திறந்த ட்ராக். 20.8 கிலோமீட்டர், 73 வளைவு. 1976-ல் நிக்கி லாடா எரிகிற காருக்குள் மாட்டிக்கொண்டது இங்கேதான். பந்தயம் இல்லாத சில நாட்களில் காசு கட்டினால் யாரும் ஓட்டலாம், நீங்கள்கூட!

நண்பன் புகைக்குழாயில் கைவைத்திருந்தான். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரின் உள்ளே தேன்கூடு மாதிரி ஓட்டைகள். மேலே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. சதுர அங்குலத்துக்கு 400 ஓட்டை இருந்த இடத்தில் 200 ஓட்டைக்காரனைப் பொருத்தினால், எஞ்சினுக்கு மூச்சு முட்டாதாம்.

"பத்து குதிரை கூடும்டா!"

பி.காம். புத்தி. "ஒரு குதிரை என்ன விலைடா?" என்றேன். பேச்சை மாற்றினான்.

ட்ராக்குக்குச் சற்று முன்னால் போலீஸ். ஒருவர் டார்ச்சோடு தரையில் படுத்துவிட்டார். குழாயில் அனுமதி எண் பொறித்திருக்க வேண்டும், அல்லது வண்டிப் பேப்பரில் ஏறியிருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் ரோட்டில் ஓட்டும் அனுமதியே போச்சு. நண்பன் முகத்தில் ஈயாடவில்லை. மலிவாகக் கிடைத்ததாம்.

போர்ஷே லாரி மேல் ஏறியது.

காட்டு வழியே நடந்து, ப்ருன்ஷென் வளைவில் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கார்கள் உறுமிப் பறந்தன. கண்ணை மூடிக்கொண்டான்.

"இது 200 ஓட்டை, மாப்ளே."

அடுத்த வண்டி.

"இதுவும்."