லாரல் ஹார்டியும் நம்ம கணக்கு சாரும்



போன வாரம் 1991-ல் பத்தாம் வகுப்பு முடித்த பையன் ஒருவன் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். (பையன் என்றால் ஐம்பதை எட்டிவிட்டவன். எனக்குப் பையன்தானே.) வீடுகளுக்கு நடுவே செங்குத்தாக மேலே ஏறும் ஒரு சிமென்ட் படிக்கட்டு. அதில் ஒவ்வொரு படியாக எண்ணிக்கொண்டு, மூச்சு வாங்க ஏறுகிறான். உச்சிக்குப் போய், "133 சார்! கணக்கு சார் இருந்திருந்தா இன்னொரு தடவை எண்ணச் சொல்லியிருப்பாரு" என்றான். அதைப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் போனைக் கீழே வைக்கவில்லை நான். அதனால்தான் இந்தப் பதிவு. நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் படிக்கட்டு வெண்டோம் தெருவில் இருக்கிறது. லாரலும் ஹார்டியும் ஒரு பியானோவை அதில் ஏற்றுவதுதான் 1932-ல் வந்த 'தி மியூசிக் பாக்ஸ்' படத்தின் கதை. அரை மணி நேரப் படம். ஏற்றுவார்கள், அது உருண்டு கீழே போகும். மறுபடி ஏற்றுவார்கள். நகைச்சுவைக் குறும்படத்துக்கென்று ஆஸ்கர் கொடுக்க ஆரம்பித்தபோது முதல் பரிசு அதற்குத்தான் கிடைத்தது. உலகம் முழுவதும் உள்ள ரசிகர்கள் இன்றும் அந்தப் படிகளைத் தேடிப் போய் ஏறிப் பார்க்கிறார்கள். 1927-ல் 'ஹாட்ஸ் ஆஃப்' என்று ஒரு மௌனப் படத்தையும் அதே படிக்கட்டில்தான் எடுத்தார்கள். அதில் பியானோவுக்குப் பதில் துணி துவைக்கும் இயந்திரம். அந்தப் படத்தின் ஒரு பிரதிகூட இன்று இல்லை. ரசிகர்கள் இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அப்படித் தேடியதில்தான், தொலைந்துபோனதாக நினைத்த 'பேட்டில் ஆஃப் தி செஞ்சுரி' படத்தின் இரண்டாம் ரீல் 2015-ல் கிடைத்தது. ஒரு தெருவே ஒருவர் முகத்தில் ஒருவர் பலகாரத்தை வீசிக்கொள்ளும் காட்சி அதில் இருக்கிறது.

இப்போது நம்ம கதைக்கு வருகிறேன்.

எனக்கும் கணக்கு சாருக்கும் நீங்கள் வைத்த பெயர் எங்களுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தீர்களா? நன்றாகத் தெரியும். நான் ஓட்ட, பின்னால் அவர் உட்கார, அந்த டிவிஎஸ் 50 கேட்டுக்குள் நுழையும்போது வேப்ப மரத்தடியிலிருந்து "லாரல் ஹார்டி வர்றாங்கடா" என்று குரல் வரும். எனக்குச் சுர்ரென்று ஏறும். வண்டியை நிறுத்திவிட்டு முறைப்பேன். அவரோ இறங்கி நின்று, இல்லாத டையைப் பிடித்து விரல் நுனியால் ஆட்டிக் காட்டிவிட்டு ஸ்டாஃப் ரூமுக்குள் போய்விடுவார். ஹார்டி செய்வது அப்படியே. "பட்டப்பேர் வைக்கிறது பாசத்துல சார். புடிக்காதவனுக்கு நம்பர்கூட வைக்க மாட்டானுங்க" என்பார்.

அந்தப் பியானோ படத்தை முதலில் நாங்கள் சேர்ந்துதான் பார்த்தோம். சிங்கப்பூரிலிருந்து வந்த என் மைத்துனன் கேசட் கொண்டுவந்திருந்தான், டெக் வாடகைக்கு. அவ்வளவு பாடுபட்டு உச்சிக்குக் கொண்டுபோன பிறகு, தபால்காரர் ஒருவர் வந்து, சுற்றி வர ரோடு இருக்கிறதே, வண்டியிலேயே கொண்டுவந்திருக்கலாமே என்பார். உடனே இருவரும் பியானோவை மறுபடி கீழே இறக்கி, வண்டியில் ஏற்றி, ரோடு வழியாகக் கொண்டுவருவார்கள்! கணக்கு சார் சிரித்துச் சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இது நம்ம டிபார்ட்மென்ட்ல எடுத்த படம் சார்" என்றார்.

ஓய்வு பெற்ற பிறகுதான் அவர்கள் வாழ்க்கையை நான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். ஸ்டான் லாரல் இங்கிலாந்தில் உல்வர்ஸ்டன் என்ற சிறிய ஊரில் 1890-ல் பிறந்தவர். ஆலிவர் ஹார்டி அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்து ஹார்லெமில் 1892-ல் பிறந்தவர். நண்பர்கள் ஹார்டியை 'பேப்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஹால் ரோச் ஸ்டுடியோவில் தனித்தனியாக வேலை பார்த்தவர்களை 1927-ல் ஜோடியாக்கினார்கள். படத்தில் ஹார்டி விவரமானவர் மாதிரி அதிகாரம் செய்வார், லாரல் ஒன்றும் தெரியாமல் தலையைச் சொறிவார், அழுவார். நிஜத்தில் தலைகீழ். சிரிப்புக்கு வழி யோசிப்பது, எடிட்டிங்கில் உட்காருவது எல்லாம் லாரல். ஷூட்டிங் முடிந்தால் ஹார்டி கோல்ஃப் ஆடப் போய்விடுவார். லாரலுக்குச் சம்பளம் அதிகம், ஹார்டி அதற்காகச் சண்டை போட்டதில்லை. சம்பளக் கமிஷன் வரும்போதெல்லாம் ஸ்டாஃப் ரூமில் நடந்ததைப் பார்த்தவன் நான், இதை நம்பவே எனக்குக் கொஞ்ச நாள் ஆயிற்று.

எனக்கு ரொம்பப் பிடித்த சம்பவம் 1953 செப்டம்பரில் நடந்தது. அவர்களுக்குப் பட வாய்ப்பெல்லாம் போய்விட்டது. மேடை நிகழ்ச்சிக்காகக் கப்பலில் அயர்லாந்தின் கோவ் துறைமுகத்துக்கு வருகிறார்கள். தங்களை இன்னும் யாருக்கு ஞாபகமிருக்கும் என்ற நிலைமை. ஆனால் துறைமுகம் நிறைய ஜனங்கள். படகுகள் எல்லாம் சங்கு ஊதுகின்றன. மேட்டில் இருக்கும் பெரிய மாதா கோயிலின் மணிகள், அவர்கள் படங்களின் ஆரம்பத்தில் வரும் குயில் மெட்டை அடிக்கின்றன. இருவரும் அங்கேயே அழுதுவிட்டார்களாம்.

மூன்று வருடத்தில் ஹார்டிக்குப் பக்கவாதம். பேச்சு போயிற்று. 1957 ஆகஸ்ட் 7-ஆம் தேதி போய்ச் சேர்ந்தார். லாரலுக்கும் உடம்பு சரியில்லை. டாக்டர் கூடாது என்றதால் அவர் இறுதிச் சடங்குக்குப் போகவில்லை. பேப் புரிந்துகொள்வான் என்று மட்டும் சொன்னாராம்.

இந்த இடத்தைப் படித்த அன்று புத்தகத்தை மூடிவிட்டேன்.

2022-ல் கணக்கு சார் தவறியபோது நான் ஏன் வரவில்லை என்று உங்களில் பலர் கேட்டீர்கள். கண் ஆபரேஷன், டாக்டர் பயணம் கூடாது என்றார் என்று பதில் போட்டேன். பொய் இல்லை, ஆபரேஷன் ஆகி ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. ஆனால் அறுபது கிலோமீட்டர்தான். கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காரில் போயிருக்கலாம். மகன் காரை எடுத்து வாசலில் நிறுத்திவிட்டு, "வாங்கப்பா, போயிட்டு வந்துடலாம்" என்றுதான் கூப்பிட்டான். நான் டாக்டர் சீட்டை எடுத்துக் காட்டினேன். அவ்வளவு பெரிய உருவம் பேசாமல் படுத்திருப்பதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அதுதான் காரணம். இன்றுதான் சொல்கிறேன்.

ஆறு மாதம் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி காபி கொடுத்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னார்கள்: "நீங்க வந்துருவீங்கன்னுதாண்ணா சாயந்தரம் வரைக்கும் எடுக்காம வச்சிருந்தோம்." குத்திக்காட்டும் குரல் இல்லை அது. காபி எப்படி இருந்தது என்று எனக்கு ஞாபகமில்லை.

பேப் புரிந்துகொண்டிருப்பார், சரி. கணக்கு சார்? விடைத்தாளில் கூட்டலில் அரை மார்க் விட்டாலும் விடமாட்டாரே.

லாரல் அதன்பிறகு எட்டு வருடம் இருந்தார். எத்தனையோ பேர் கூப்பிட்டும் வேறு யாருடனும் நடிக்கவில்லை. ஆனால் இருவருக்குமான காட்சிகளை யோசித்து எழுதிக்கொண்டே இருந்தாராம். சாண்டா மோனிகாவில் கடற்கரைப் பக்கம் ஒரு சின்ன அபார்ட்மென்ட். டெலிபோன் டைரக்டரியில் அவர் பெயரும் நம்பரும் எல்லோரையும் போலவே இருந்தது. யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம், வீட்டுக்கும் போகலாம். டிக் வான் டைக் என்ற நடிகர் அப்படித்தான் நம்பர் பார்த்துக் கூப்பிட்டு நண்பரானார். வந்த ரசிகர் கடிதங்களுக்குத் தானே டைப் அடித்துப் பதில் போட்டார். அந்தக் கடிதங்களை ரசிகர்கள் தேடிச் சேர்த்துவைத்திருக்கிறார்கள். தினம் இரண்டு மூன்று படிக்கிறேன். பெரும்பாலும் உடம்பு எப்படி, கடிதம் கிடைத்தது, நன்றி என்ற ரீதியில்தான் இருக்கும். எனக்கு அதுவே போதும்.

இப்போது ஒரு உதவி. 1993 ஆண்டு விழாவில் கணக்கு சார் யாரிடமோ நிஜமாகவே ஒரு டையும் தொப்பியும் வாங்கிப் போட்டுக்கொண்டு மேடையில் என்னையும் பிடித்து இழுத்தார், நினைவிருக்கிறதா? நான் கோபித்துக்கொண்டு இறங்கிவிட்டேன். இறங்குவதற்கு முன் யாரோ ஒரு போட்டோ எடுத்தார்கள், ஃபிளாஷ் அடித்தது நன்றாக ஞாபகமிருக்கிறது. அவர் மனைவி அந்தப் படம் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார்கள். அடுத்த மாதம் போகிறேன். பரண், பழைய ஆல்பம், டிரங்குப் பெட்டி எல்லாம் கொஞ்சம் பாருங்கள். மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, அனுப்புங்கள்.