கரகாட்டக்காரனும் எங்கய்யாவோட சிரிப்பும்

பழைய படம் ஒண்ணை நினைச்சுப் பாருங்க. கதை பாதி மறந்திருக்கும். ஆனா எந்தக் கொட்டகையில, யார் பக்கத்துல உக்காந்து பார்த்தோம்ங்கிறது மறக்காது. எனக்கு 'கரகாட்டக்காரன்' அப்படி.

1989ல கங்கை அமரன் எடுத்த படம். மதுரையில ஒரு வருஷத்துக்கு மேல ஓடிச்சு. அங்கெல்லாம் ஓடி முடிஞ்சு, பக்கத்து ஊர் டூரிங் டாக்கீஸுக்கு வந்தப்போ எனக்கு ஏழு வயசு. டவுன்காரங்களுக்காகச் சொல்றேன்: கீத்துக் கொட்டகை, மணல் தரை. ஆம்பளைங்க ஒரு பக்கம், பொம்பளைங்க ஒரு பக்கம், நடுவுல இடுப்பு உயரத்துக்குத் தடுப்பு. ஒரே புரொஜெக்டர்ங்கிறதால ரீல் மாத்துறப்பல்லாம் இடைவேளை. ரீல் தேஞ்சு திரை பூரா கோடு விழும். மழை பெய்யுதுன்னு கேலி பண்ணுவோம்.

வயக்காட்டுல அந்த வருஷம் மழையே இல்லை. கிணறு வத்திப்போச்சு. வைக்கோல் வாங்கிப் போட வழியில்லாம, உழவு மாடு ரெண்டையும் அய்யா சந்தையில வித்துட்டு வந்தார். அன்னைக்கு ராத்திரி, யாரும் கேக்காமலே எங்களைப் படத்துக்குக் கூட்டிட்டுப் போனார். வாழைப்பழக் காமெடி வந்தப்போ வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சார். அதிர்ந்து பேசாத ஆளு அவர். அப்படிச் சிரிச்சு அதுக்கு முன்னயும் நான் பார்த்ததில்லை, பின்னயும் பார்த்ததில்லை.

அய்யா போய்ப் பன்னெண்டு வருஷமாச்சு. வீட்டுல இருக்கிற ஒரே போட்டோவுல விறைப்பா நிக்கிறார். டிவியில கவுண்டமணியும் செந்திலும் அந்தப் பழத்துக்குச் சண்டை போடும்போது மட்டும், அய்யா சிரிப்பு எனக்குக் காதுல கேக்கும்.

அம்மாவுக்கு அந்தப் படமே ஆகாது. சேனலை மாத்தச் சொல்லிடும். ஏன்னு போன மாசம்தான் கேட்டேன்.

"நீ அவரு தோள்ல தூங்கிட்டடா. திரும்பி வர்ற வழியெல்லாம் உங்கய்யா ஒரு வார்த்தை பேசலை. வீட்டுக்கு வந்ததும் வெறும் தொழுவத்துல போய் உக்காந்தவருதான், விடியிற வரைக்கும் எந்திரிக்கலை."

ஒரே படம், ஒரே ராத்திரி. சிரிப்பு என்கிட்ட இருக்கு. மிச்சத்தை இத்தனை வருஷமா அம்மா தனியா வச்சிருந்திருக்கு.

உங்க வீட்டுப் பெரியவங்க ஏதாவது பழைய படத்துல கண்ணு நிலைகுத்தி உக்காந்திருந்தா ரிமோட்டைப் பிடுங்காதீங்க. எந்தக் கொட்டகையில பார்த்தீங்க, யார்கூடப் போனீங்கன்னு கேளுங்க. சொல்ல ஆரம்பிச்சாங்கன்னா, டிவி சத்தத்தைக் குறைச்சுடுங்க.