கண்ணு மின்னும் மீனு... கரைக்கு ஒரு நாடு!

ஏப்ரல்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? செமஸ்டர், வெயில், நுங்கு, கரன்ட் கட்! அமெரிக்காவில் டெட்ராய்ட் பக்கம் இருக்கிற ஆளுங்களைக் கேட்டுப் பாருங்க... ஒரே வார்த்தைதான் சொல்வாங்க. ‘வால்ஐ’!

பேரைக் கேட்டதும் நம்ம ஊரு வாளை மீன்னு முடிவு கட்டிடாதீங்க பாஸ். இது குளிர்ந்த நன்னீரில் வாழ்கிற வேறு ஜாதி. பச்சையும் பொன்னும் கலந்த உடம்பு, வால் நுனியில் கீழ்ப்பக்கம் மட்டும் சுண்ணாம்பு தொட்டு வெச்ச மாதிரி ஒரு வெள்ளைப் புள்ளி, வாய் நிறைய ஊசிப் பல். விசேஷமே கண்ணுதான். பூனைக் கண்ணில் இருக்குமே, வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிற ஒரு படலம்... அது இதுக்கும் உண்டு. ராத்திரியில் டார்ச் அடிச்சா பளிச்சுனு மின்னும். கலங்கல் தண்ணியிலும் அரை இருட்டிலும் மத்த மீன் தட்டுத் தடுமாறும்போது, இது ஜாலியா வேட்டையாடும். ஆத்துக்கு அந்தப் பக்கம் கனடாக்காரங்க இதையே ‘பிக்கரல்’னு கூப்பிடறாங்க. ஒரே மீன், ஒரே ஆறு, கரைக்கு ஒரு பேரு!

அந்த ஆறுதான் டெட்ராய்ட் ஆறு. நீளம் வெறும் 45 கிலோமீட்டர். செயின்ட் கிளேர் ஏரியில் கிளம்பி ஈரி ஏரியில் போய் விழுந்துடும். ‘அவ்ளோதானா?’ன்னு உதட்டைப் பிதுக்காதீங்க. மேட்டூரில் லட்சம் கன அடி வந்தா நம்ம டி.வி-யில் ஃப்ளாஷ் நியூஸ் ஓடும் இல்லையா? இங்கே சாதாரண நாளிலேயே வினாடிக்கு ஒன்றே முக்கால் லட்சம் கன அடிக்கு மேல் ஓடுது. ஆற்றின் நடுவே கண்ணுக்குத் தெரியாத கோடு ஒண்ணு. அதுக்கு இந்தப் பக்கம் அமெரிக்கா, அந்தப் பக்கம் கனடா. டெட்ராய்ட் டவுன்டவுனில் நின்னு பார்த்தா கனடா தெற்கே இருக்கும். மேப்பைத் தலைகீழா பிடிச்சிருக்கோமோன்னு சந்தேகமே வந்துடும்!

மார்ச்சில் பனிக்கட்டி உடைஞ்சதும், ஈரி ஏரியிலிருந்து வால்ஐ கூட்டம் கூட்டமா முட்டையிட ஆறு ஏறி வருது. தண்ணி ஐந்து டிகிரியைத் தாண்டினதும் சூடு பிடிக்கிற திருவிழா, மே வரை நீளும். சனிக்கிழமை விடியக்காலையில் ஆத்துல படகு மேல படகு. தி.நகர் தீபாவளிக் கூட்டம் தண்ணியில மிதக்குதுன்னு வெச்சுக்கோங்களேன்!

நீங்க அங்கே படிக்கப் போயிருந்தா (மிச்சிகன்ல நம்ம பசங்களுக்கா பஞ்சம்?), படகு வெச்சிருக்கிற ஒரு உள்ளூர் ஆளைச் சிநேகம் பிடிச்சுக்கோங்க. எங்களுக்குக் கிடைச்சவர், கார் ஃபேக்டரியில் முப்பது வருஷம் உழைச்சு ரிட்டயர் ஆன பெரியவர். எங்களுக்குள்ளே அவர் பேரு ‘தாத்தா’. அர்த்தம் கேட்டார், சொன்னோம். ‘அப்ப சரி’ன்னுட்டார்.

வயண்டாட் என்கிற சின்ன ஊர். காலை ஆறு மணி. மூச்சு விட்டால் புகை. படகு பதினாறடி அலுமினியம். பின்னால் ஒரு பெட்ரோல் மோட்டார், மூக்கில் சத்தமே போடாத ஒரு எலெக்ட்ரிக் மோட்டார். ஏறுறதுக்கு முன்னாடியே தாத்தா லைஃப் ஜாக்கெட்டைத் தூக்கிப் போட்டார். ‘நல்லா நீந்துவேன்’னு என் நண்பன் பந்தா விட்டான். அவர் சிரிக்கலை. ‘இந்தத் தண்ணியில நீச்சல் தெரிஞ்சவனும் ஒண்ணுதான், தெரியாதவனும் ஒண்ணுதான்’னார்.

இதைக் கொஞ்சம் கவனமா படிச்சுக்கோங்க. குளிர்ந்த தண்ணியில் விழுந்தால் 1-10-1 என்று ஒரு கணக்கு உண்டு. முதல் 1 நிமிஷம் மூச்சு வாங்கித் தவிப்போம். அப்போ வாயில் தண்ணி போனா கதை முடிஞ்சது. அடுத்த 10 நிமிஷம்தான் கை, கால் நம்ம பேச்சைக் கேட்கும். குளிரில் நினைவு தப்ப சுமார் 1 மணி நேரம் ஆகும். அதுவரை மிதக்க வைக்கப் போறது அந்த ஜாக்கெட் மட்டும்தான். ஹைப்போதெர்மியாவைவிட முதல் நிமிஷத்துத் திணறல்தான் பல பேரைக் கொண்டு போகுதாம். நண்பன் சத்தமில்லாமல் ஜிப்பை மேலே இழுத்துக்கிட்டான்.

இப்போ மேட்டருக்கு வருவோம். இங்கே தூண்டிலைத் தூரமா வீசிட்டுக் காத்திருக்கிற வேலையே இல்லை. ‘ஜிக்’னு ஒரு சமாச்சாரம். தலையில் ஈயக்குண்டு வெச்ச கொக்கி, எடை சுமார் 18 கிராம். அதில் ஒரு பிளாஸ்டிக் புழுவோ, சின்ன மீனோ கோர்த்து, படகுக்கு நேர் கீழே இறக்கணும். ‘டக்’னு அடித்தரை தட்டுப்படும். நாலு விரக்கடை தூக்கு, இறக்கு. தூக்கு, இறக்கு. அவ்ளோதான்!

கேட்கத்தான் ஈஸி. படகு ஆத்தோட போக்கில் மிதந்து போகுது. காத்து வேற அதை இன்னொரு பக்கம் தள்ளுது. நூல் சாய்ஞ்சுட்டா குண்டு தரையை விட்டுக் கிளம்பிடும், மீனோ தரையை ஒட்டித்தான் கிடக்கும். அதனால் மூக்கு மோட்டாரை அப்பப்போ தட்டித் தட்டி, தண்ணி போற அதே வேகத்தில் படகையும் போக விடணும். நூல் தூக்குக் குண்டு மாதிரி செங்குத்தா நிக்கணும். தாத்தாவின் கால் அந்தப் பெடலில் ஆடிக்கிட்டே இருந்தது, தையல் மெஷின் மிதிக்கிற மாதிரி. மீன் பிடிக்கிறதில் பாதி, படகு ஓட்டுறதுதான். அதைக் கத்துக்கத்தான் வருஷக்கணக்காகும்.

புழுவோட கலருக்கு இங்கே நடக்கிற பட்டிமன்றம் இருக்கே... பிங்க்கா, கிளிப்பச்சையா? வெள்ளையில் கலர் புள்ளி வெச்ச ஒண்ணுக்கு ‘வொண்டர் பிரெட்’னு பேரு, ஒரு ரொட்டிக் கம்பெனி கவரைப் பார்த்து வெச்சது! பழைய ஆளுங்க இதெல்லாம் கண்டுக்க மாட்டாங்க. ராத்திரியில் கம்பியும் அரைக் கிலோ ஈயமும் வெச்சு, தடியே இல்லாமல் வெறும் கையால் இழுத்துப் பிடிக்கிற ‘ஹேண்ட்லைன்’ முறை இந்த ஆற்றின் பரம்பரைச் சொத்து. ‘எங்கப்பா அப்படித்தான் பிடிப்பார்’னார் தாத்தா. அவர் கை பழகலையாம்.

திடீர்னு எல்லாரும் கிழக்கே திரும்பினாங்க. ஃபைட்டிங் ஐலண்ட் பக்கம் ஒரு சரக்குக் கப்பல். இந்த ஏரிகளில் ஓடுற கப்பல் சிலது முந்நூறு மீட்டர் நீளம், மூணு ஃபுட்பால் கிரவுண்டை வரிசையா வெச்ச மாதிரி. அது தூரமா போனாலும் அதோட அலை நம்மகிட்ட வந்து விசாரிச்சுட்டுத்தான் போகும். அந்தக் கப்பல் வழியில் குறுக்கே நிக்கிறது சுத்த முட்டாள்தனம், அதால உடனே நிக்க முடியாது. ஒரு குட்டித் தகவல்: இந்த ஆத்துல போற கப்பலுக்கு நடு ஆத்திலேயே தபால் கொடுக்கிற வேலை 1895-ல் ஆரம்பிச்சது. அதுக்குன்னே 48222-னு ஒரு பின்கோடு!

இவ்வளவு கொண்டாடுறாங்களே, இதே ஆறு ஒரு காலத்தில் என்ன கதியில் கிடந்தது தெரியுமா? 1948 குளிர்காலத்தில் ஆற்றில் விட்ட எண்ணெயில் சிக்கி ஆயிரக்கணக்கான வாத்துகள் செத்தன. கொதிச்சுப் போன வேட்டைக்காரர்கள் செத்த வாத்துகளை லாரியில் ஏத்திட்டுப் போய், லான்சிங்கில் மாநிலத் தலைமைச் செயலக வாசலிலேயே கொட்டினாங்க. 1969-ல் இதில் வந்து கலக்கிற ரூஜ் ஆறு தீப்பிடிச்சே எரிஞ்சது. ஆமா பாஸ், ஆறுதான்!

அடுத்த வருஷம்தான் க்ளைமாக்ஸ். நார்வால்ட் ஃபிம்ரைட். மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர், அவ்வளவுதான். இந்தப் பக்கத்து மீன்களைச் சோதிச்சார். 1970 மார்ச்சில் கனடா அரசுக்கு ஒரு லெட்டர் போட்டார். பிக்கரல் மீனில் பாதரசம், அனுமதிச்ச 0.5 பி.பி.எம். அளவைவிடப் பத்து மடங்குக்கும் மேலே! ஆற்றோரம் குளோரின், காஸ்டிக் சோடா தயாரிச்ச ஆலைகளின் கழிவு அது. சில வாரத்துக்குள்ள ரெண்டு நாடும் இங்கே மீன்பிடிக்கத் தடை போட்டன. பெரிய பெரிய துறைகள் பார்க்காததை ஒரு ஸ்டூடன்ட் பார்த்துட்டார். அடுத்த தடவை ‘லேப் ரெக்கார்டு எழுதி என்ன ஆகப் போகுது’ன்னு சலிச்சுக்கும்போது அவரை நினைச்சுக்கோங்க.

1972-ல் தண்ணீர்ச் சட்டம் வந்தது. அதே வருஷம் ரெண்டு நாடும் ஏரிகளுக்காக ஒப்பந்தம் போட்டன. ஆறு மெதுவா மூச்சு விட்டது. 2008-ல் ஃபைட்டிங் ஐலண்ட் பக்கத்தில் மீன் முட்டையிடக் கல்லைக் கொட்டிப் படுகை அமைச்சாங்க. மறு வருஷமே ஸ்டர்ஜன் வந்து முட்டை போட்டது. ஆனா வடக்கே ஸக் தீவு இரும்பு உலை 2020-ல் அணைஞ்சுது, ட்ரென்டன் மின்நிலையப் புகைபோக்கிகள் 2024-ல் சரிஞ்சுது. ‘ஆறு சுத்தமாச்சு, ஊருல வேலை போச்சு. ரெண்டும் ஒண்ணா நடக்கணும்னு யார் சொன்னது?’ன்னார் தாத்தா. எங்ககிட்ட பதில் இல்லை.

பத்து மணி வாக்கில் நண்பனின் தடி வளைஞ்சது. கடி மாதிரியே இல்லை, ஏதோ ஈரச் சாக்கு மாட்டின மாதிரி ஒரு கனம். தலையை ஆட்டி ஆட்டி அது கீழேயே இழுத்தது. ரெண்டு நிமிஷம் கழிச்சு வலையில் வந்தது ஒரு பெண் வால்ஐ. எழுபது சென்டிமீட்டர், நாலு கிலோ இருக்கும். வயிறு உப்பி, தொட்டால் வெடிச்சுடும் போல. உள்ளே ரெண்டு லட்சம் முட்டைக்குக் குறையாது.

எடுத்துக்கலாம், சட்டத்தில் தடை இல்லை. ‘ஈரி ஏரியில் எந்த வருஷம் குஞ்சு பெருகும்ங்கிறதை முட்டைக் கணக்கைவிட வசந்தகால வானிலைதான் முடிவு பண்ணுது’ன்னு விஞ்ஞானிகளும் சொல்றாங்க. 2018-ல் அப்படித்தான் ஏகப்பட்ட குஞ்சு பிழைச்சது. யார் எவ்வளவு பிடிக்கலாம்னு வருஷா வருஷம் மாநிலங்களும் ஒன்டாரியோவும் உட்கார்ந்து பங்கு பிரிச்சுக்கறாங்க. ஒரு மீனால் ஆறு காலியாகிடாது. ஆனாலும் எனக்கு மனசு ஒப்பலை. நண்பனுக்கோ வறுவல் கனவு! தாத்தா எங்க வாயையே பார்த்துட்டு இருந்தார்.

‘பெருசுலதான் பாதரசமும் ஜாஸ்தி. சாப்பிட நல்லது சின்னது’ன்னு ஒரு வரி சொன்னார். நண்பன் போட்டோ எடுத்துக்கிட்டு, கையை நனைச்சு, ரெண்டு கையிலும் ஏந்தித் தண்ணியில் வெச்சான். அது கொஞ்ச நேரம் அசையாமல் நின்னது. அப்புறம் ஒரே சொடுக்கு... காணோம். அடுத்த ஒரு மணி நேரத்தில் கிலோ சைஸில் மூணு ஆண் மீன் சிக்கினது தனி சந்தோஷம்.

நீங்க போறதா இருந்தா: 17 வயசு ஆயிட்டா மிச்சிகன் லைசென்ஸ் கட்டாயம், ஆன்லைனிலேயே வாங்கலாம். எத்தனை மீன், என்ன நீளம்ங்கிற விதியை அந்த வருஷத்துக் கையேட்டில் பார்த்துக்கோங்க. கோட்டைத் தாண்டிக் கனடா பக்கம் தூண்டில் போட ஒன்டாரியோ லைசென்ஸ் வேணும். விசாவில் படிக்கிறவங்க இந்தப் பக்கமே இருந்துக்கறது நிம்மதி. எத்தனை நாளைக்கு ஒரு தடவை சாப்பிடலாம்னு மிச்சிகன் அரசு ஒரு பட்டியலே போடுது. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் இருக்கிற வீட்டில் அதைப் பார்க்காமல் சமைக்காதீங்க.

சமையல்னதும் ஞாபகம் வருது... வால்ஐக்கு முள்ளு கம்மி, கவுச்சியும் கம்மி. மிளகாய்த்தூள், மஞ்சள், எலுமிச்சை போட்டு ஊற வெச்சு, ரவையில் புரட்டித் தோசைக் கல்லில் போட்டோம். தாத்தாவுக்கு ஒரு டப்பா கொடுத்தனுப்பினோம். மறுநாள் போன். ‘அந்தச் செவப்புப் பொடி எந்தக் கடையில கிடைக்கும்?’