மூன்று விரற்கடை

எனக்குக் கொடுத்த ரைஃபிளின் பின்கட்டையில் 'எல்' என்று ஆங்கில எழுத்து ஒன்று பொறித்திருந்தது. அதற்கு என்ன பொருள் என்று தெரிந்துகொள்ள முகாமின் கடைசி நாள்வரை ஆயிற்று.

பி.ஏ. தமிழ் இரண்டாமாண்டு படித்துக்கொண்டிருந்தேன். என்.சி.சி. ஆண்டுப் பயிற்சி முகாம், பத்து நாள். என்.சி.சி.யில் பெண்கள் பிரிவு 1949-லேயே வந்துவிட்டது. ஆனால் அந்தச் சேதி துப்பாக்கிகளுக்கு எட்டவில்லை. எங்களுக்குத் தந்தவை பழைய .303 லீ என்ஃபீல்டின் உடம்பில் .22 குழல் போட்டவை. ஒவ்வொன்றும் நாலு கிலோவுக்குப் பக்கத்தில். கால்களை அகட்டிக் குப்புறப் படுக்க வேண்டும். உட்கார்ந்தால் முழங்காலைச் சேர்த்து வை என்று பதினெட்டு வருடம் கேட்டு வளர்ந்த பெண்களுக்கு, ஒரு ஆண் பின்னால் நின்று "காலை அகட்டு, இன்னும் அகட்டு" என்று கத்துவதுதான் முதல் பாடம். சிரித்தோம். பிறகு பழகிவிட்டது. உடம்பை இவ்வளவு இடம் எடுத்துக்கொள்ள விட்டது அதுவே முதல் தடவை என்பதை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். துப்பாக்கி மேல் எனக்குப் பிரியம் எதுவும் இல்லை. ஆனால் அந்தக் கிடையை மறக்க முடியவில்லை.

குறி பார்ப்பது எளிதுதான். கண்ணுக்குப் பக்கத்தில் 'யு' வடிவப் பள்ளம், அது பேக்சைட். குழலின் நுனியில் மெல்லிய தகடு, அது ஃபோர்சைட். பள்ளத்தின் நடுவில் தகட்டின் நுனி வந்து நிற்க வேண்டும். அந்த நுனி இலக்கின் அடியைத் தொட வேண்டும். மூச்சைப் பாதியில் நிறுத்தி, விசையை இழுக்காமல் அழுத்த வேண்டும். 25 மீட்டர். ஐந்து தோட்டாக்கள்.

என் ஐந்தும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கின. ஆனால் கறுப்பு வட்டத்துக்கு வலப்புறம், மூன்று விரற்கடை தள்ளி. மதிப்பெண் பூஜ்யம். என் பக்கத்தில் படுத்திருந்த தோழியின் தோட்டாக்கள் அட்டை முழுக்கச் சிதறி, ஒன்று மட்டும் வட்டத்துக்குள் விழுந்திருந்தது. அவளுக்குக் கைதட்டல்.

"பொம்பளப் புள்ளைங்களுக்கு ஒத்தக் கண்ண மூட வராதும்மா" என்றார் பயிற்சி தந்த ஸ்டாஃப். இரண்டாம் நாளும் அதே வலப்புறம், அதே மூன்று விரற்கடை. மூன்றாம் நாள் அவரே ஒரு வழி சொன்னார். "கொஞ்சம் எடது பக்கமா பாத்து அடி. அட்ஜஸ்ட் பண்ணிக்கோ." கெட்ட மனிதர் இல்லை. எங்களுக்குக் கஞ்சியில் உப்பு போதவில்லை என்று சமையல்காரரிடம் சண்டை போட்டவர்.

நான் அட்ஜஸ்ட் பண்ணிக்கொண்டேன். வட்டத்தை விட்டுவிட்டு, இடப்புறம் மூன்று விரற்கடை தள்ளி ஒன்றுமே இல்லாத வெள்ளைத் தாளைக் குறிபார்த்தேன். தோட்டா வட்டத்தின் ஓரத்தில் விழுந்தது. "பாத்தியா? மனசு வச்சா வரும்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

போட்டிக்குப் போகிறவர்களின் பட்டியல் முதல் இரண்டு நாள் மதிப்பெண்ணை வைத்துப் போயாகிவிட்டது. அதில் நான் இல்லை.

ஒன்பதாம் நாள் ஆயுதம் துடைக்கும் வேலை. எண்ணெய்த் துணியோடு உட்கார்ந்திருந்தோம். யூனிட்டிலிருந்து ஆர்மரர் வந்திருந்தார், மரப்பெட்டி ஒன்றோடு. பெட்டியில் திருப்புளிகளுக்கு நடுவே, கைக்குள் அடங்குகிற அளவில் ஒரு கருவி. பட்டறையில் இருக்கும் வைஸின் குட்டி மாதிரி. பக்கவாட்டில் ஒரு திருகாணி, அதைத் திருப்ப ஒரு சின்னக் கைப்பிடி. என்னவென்று கேட்டேன். "ஃபோர்சைட் கிராம்ப்" என்றார்.

சொல்லும்போதே துப்பாக்கியின் நுனியில் அதை மாட்டிக் காட்டினார். ஃபோர்சைட் தகடு ஒரு காடியில் செருகி இருக்கிறது. கிராம்பின் திருகை முடுக்கினால் தகடு காடிக்குள் இடமோ வலமோ நகரும். உயரம் சரியில்லை என்றால் தகட்டையே கழற்றி வேறு உயரத் தகடு போட வேண்டும். ஒரு தகட்டுக்கும் அடுத்ததற்கும் 0.015 அங்குலம்தான் வித்தியாசம். கையில் வைத்துப் பார்த்தால் தெரியாது. இலக்கில் தெரியும். அந்தத் துப்பாக்கியில் தகடு ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால், 25 மீட்டரில் குண்டு ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர் நகர்ந்துவிடும்.

அது என் மூன்று விரற்கடை.

"என்னுது எப்பவும் வலது பக்கம் போகுது சார்."

"எல்லாம் ஒரே எடத்துலயா, செதறியா?"

"ஒரே எடத்துல."

அவர் நிமிர்ந்து பார்த்தார். செதறினால் சுடுகிறவரிடம் கோளாறு, ஒரே இடத்தில் தப்பினால் துப்பாக்கியிடம் கோளாறு, இது முதல் நாளே பார்க்க வேண்டியது என்றார். மறுநாள் காலை என் துப்பாக்கியை எடுத்து அவரே மூன்று தோட்டா போட்டார். மூன்றும் வலப்புறம். யாரோ எப்போதோ அதைக் கீழே போட்டிருக்கிறார்கள்.

கிராம்பை மாட்டித் தகட்டை வலப்பக்கம் தள்ளினார். நான் பதறிப்போய், "சார், ஏற்கெனவே வலப்பக்கம்தான் போகுது" என்றேன். ஃபோர்சைட்டுக்கு அதுதான் கணக்காம். குண்டு எந்தப் பக்கம் தப்புகிறதோ அந்தப் பக்கமே தகட்டைத் தள்ள வேண்டும். வலப்பக்கம் போன தகட்டைச் சுடுகிறவர் மறுபடி பள்ளத்தின் நடுவுக்குக் கொண்டுவரும்போது குழல் தானாக இடப்பக்கம் திரும்பிவிடும். கட்டையில் இருந்த 'எல்' என்பதற்கும் அவர்தான் விளக்கம் சொன்னார். கைநீளத்துக்கு ஏற்ற மாதிரி இந்தக் கட்டை பல அளவில் உண்டு. குள்ளர்களுக்கு 'எஸ்', அதிலும் குள்ளர்களுக்கு 'பி', நெட்டையர்களுக்கு 'எல்'. நடு அளவுக்கு எழுத்து கிடையாது. ஐந்தடிகூட இல்லாத நான் பத்து நாளாக நெட்டையன் ஒருவனின் கட்டையைத் தோளில் முட்டுக்கொடுத்துக் கிடந்திருக்கிறேன்.

சரிசெய்த துப்பாக்கியை என்னிடம் தந்தார். ஐந்து தோட்டா. ஐந்தும் இடப்புறம் போயின, மூன்று விரற்கடை. வட்டத்தைப் பார்த்துச் சுட எனக்கு மறந்துபோயிருந்தது.

இந்த இடத்தைப் பல வருடங்களாக ஒரு வேடிக்கைக் கதையாகத்தான் சொல்லிவந்தேன். அமெரிக்க எம் 16-இல் இந்தச் சிக்கல் இல்லை என்று பின்னால் படித்தேன். தனிக் கருவி வேண்டாம், தோட்டாவின் கூர்முனையாலேயே அழுத்திச் சுடுகிறவரே திருத்திக்கொள்ளலாம். எங்கள் துப்பாக்கிக்கோ கருவி பெட்டியில், பெட்டி ஆர்மரரிடம், ஆர்மரர் யூனிட்டில்.

கல்யாணத்தில் என்ன நடந்தது என்று விரிவாக எழுதப் போவதில்லை. அட்ஜஸ்ட் என்ற சொல்லைத் தமிழ்நாட்டில் எந்தப் பெண்ணுக்கும் அகராதி பார்த்து விளக்க வேண்டியதில்லை. முனைவர் பட்டத்துக்கு நான் எடுத்துக்கொண்டது சங்க அகப்பாடல்களில் குறி. பகற்குறி, இரவுக்குறி, அல்லகுறி. தலைவன் வந்ததற்கான அடையாளம் என்று நம்பி, இயற்கையாக எழுந்த ஏதோ ஓர் ஓசையைக் கேட்டுத் தலைவி குறியிடத்துக்குப் போவாள். யாரும் இருக்க மாட்டார்கள். திரும்பி வருவாள். அது அல்லகுறி. இருட்டில் தனியாகப் போய்த் திரும்புகிறவளுக்கு இந்த ஏற்பாட்டில் என்ன கிடைக்கிறது என்று ஓர் இயல் எழுத நினைத்தேன். நெறியாளர் எதிர்க்கவில்லை, "கொஞ்சம் தள்ளிச் சொல்லுங்க" என்றார். தள்ளிச் சொன்னேன். உரையாசிரியர்களின் பொருள்கோள் என்று ஓர் இயல் வந்தது. பட்டம் கிடைத்தது. பிறகு தள்ளிச் சொல் என்று யாரும் கேட்காத இடங்களிலும், என் கவிதைகளில்கூட, வெள்ளைத் தாளைப் பார்த்தே சுட்டிருக்கிறேன். முதல் தொகுப்பைத் திறந்தால் எந்த வரி யாருக்குப் பயந்து எத்தனை விரற்கடை நகர்ந்தது என்று எனக்குத் தெரியும்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் அது இல்லை.

மூன்று வருடங்களுக்கு முன் ஆய்வு மாணவி ஒருத்தி என் அறைக்கு வந்தாள். அவளுடைய நெறியாளர் இயல்களைத் திருத்தித் தர மாலை ஆறு மணிக்கு மேல்தான் கூப்பிடுகிறார், துறையில் யாரும் இருப்பதில்லை, பேச்சு ஆய்வைப் பற்றி மட்டும் இருப்பதில்லை என்றாள். நான் தேநீர் வாங்கிக் கொடுத்தேன். பகலில் நேரம் கேட்டுப் பார், தோழி யாரையாவது கூட்டிக்கொண்டு போ, இன்னும் ஒரு வருடம்தானே, கொஞ்சம் பார்த்து அட்ஜஸ்ட் பண்ணிக்கோ என்றேன். அந்தச் சொல்லை நான்தான் சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனாள். ஆறு மாதத்தில் ஆய்வை விட்டுவிட்டாள்.

அவளுக்கு முன் வேறொருத்தி அதே நெறியாளரைப் பற்றி அதையே ஜாடையாகச் சொல்லியிருந்தாள். அதற்கு முன் ஒருத்தி கல்லூரி மாற்றிக்கொண்டு போனாள், காரணம் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். மூன்று பேர், ஒரே இடம். அந்த மூன்று வருடமும் கல்லூரியின் உள்ளகப் புகார்க் குழுவில் நான் உறுப்பினர். 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றி முதலாண்டு மாணவிகளுக்கு ஒவ்வொரு ஜூலையிலும் பேசுகிறவள் நான். பெட்டி என்னிடம்தான் இருந்தது.

போன மாதம் பழைய நாட்குறிப்புகளைத் தேடி எடுத்து, மூன்று பேரும் வந்த தேதிகளை ஒரு தாளில் எழுதினேன். புகார் கொடுக்கச் சட்டத்தில் மூன்று மாதக் கெடு உண்டு, அதை நீட்டிக்க இன்னும் மூன்று மாதம்தான். எல்லாம் தாண்டிவிட்டது. ஆனாலும் அவர் இன்னும் நெறியாளர்தான், இந்த வருடம் புதிதாக இரண்டு மாணவிகள் பதிந்திருக்கிறார்கள். முதல்வருக்குக் கடிதம் எழுதினேன். தள்ளிச் சொல்லவில்லை. நாலு தடவை திருத்தினேன். ஒவ்வொரு தடவையும் வாக்கியம் இடப்பக்கம் போனது, மறுபடி இழுத்து நடுவில் வைத்தேன்.

அனுப்புவதற்கு முன் ஆய்வை விட்டுப் போனவளை அழைத்தேன். அவள் இப்போது ஒரு தனியார் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறாள். மணி அடிக்கும் சத்தம், பிள்ளைகளின் இரைச்சல். நான் தேதிகளைப் படித்தேன். மற்ற இருவரின் பெயரைச் சொல்லவில்லை. இன்னும் இரண்டு பேர் என்று மட்டும் சொன்னேன்.

வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டாள்:

"அப்ப நான் வந்தப்பவே உங்களுக்குத் தெரியுமா மேம்?"

தெரியும் என்றேன்.