மங்கிய பொறி

கோவை ஆவாரம்பாளையத்தில் ஒரு சந்துக்குள் இருக்கிறது அந்த லேத் பட்டறை. வீட்டு மோட்டாரின் ஷாப்டைத் தூக்கிக்கொண்டு காலையிலேயே போய்விட்டேன். 6204 பேரிங் உட்காரும் இடம் தேய்ந்து தொளதொளத்துக் கிடந்தது. வெல்டு வைத்து ஏற்றி, மறுபடி 20 மில்லிமீட்டருக்குக் கடைய வேண்டும். வெல்டு ஆறும்வரை உட்காரச் சொல்லி ஒரு முக்காலியைக் காட்டினார்கள். அதற்கப்புறம் நான் வாய் திறக்கவில்லை.

லேத்தில் நின்ற பெரியவருக்கு அறுபது தாண்டியிருக்கும். ஷாப்டை மாட்டி முதல் வெட்டு எடுத்தார். வெல்டின் மேல்தோல் முரடு. இரண்டாவது வெட்டிலேயே சத்தம் கிறீச்சென்று மாறியது. உடனே மெஷினை நிறுத்தி, டூல் போஸ்ட்டிலிருந்து வெட்டும் பிட்டை உருவி, டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தார். விளிம்பில் மயிரிழை போல ஒரு வெள்ளைக் கோடு மின்னியது. கூராக இருக்கும் விளிம்பு மின்னாது. மழுங்கினால்தான் அந்த இடம் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். பக்கத்தில் நின்ற பையனுக்கு அந்தக் கோட்டை விரலால் காட்டினார். ஒரு சொல் இல்லை.

அரை அங்குலச் சதுர பிட். புதிதில் 4 அங்குலம் இருந்திருக்கும்; இப்போது இரண்டரைகூடத் தேறாது. மீதியெல்லாம் சாணைக்குப் போனது.

கிரைண்டர் மூலையில் நின்றது. போன ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் மூடியில் காய்ந்திருந்தது. சுவிட்சைப் போடும்முன் பையனின் தோளைப் பிடித்து ஒதுக்கி நிறுத்தினார். தானும் பக்கவாட்டில் நின்றார். கல்லில் விரிசல் இருந்தால் சுற்றத் தொடங்கும்போதுதான் தெறிக்கும். கல் முழு வேகம் பிடித்து, ஓசை சீரான பிறகே முன்னால் வந்தார். கையுறை இல்லை, கண்ணாடி இருந்தது.

கொஞ்ச நேரத்துக்கு முன்புதான் பையன் ஒரு சாதா இரும்புத் துண்டின் பிசிறை அதே கல்லில் தட்டினான். மத்தாப்பு மாதிரி மஞ்சளாகப் பூப்பூவாய்ச் சிதறியது. இந்த பிட் பட்டதும் வேறு பொறி: அடர்ந்த சிவப்பு, குட்டையான கீற்றுகள், பூ இல்லை. உள்ளே கலந்திருக்கும் டங்ஸ்டன்தான் காரணம். அமெரிக்காவில் ஃபிரெடரிக் டெய்லரும் மான்செல் ஒயிட்டும் பக்குவப்படுத்திய இந்த வகை எஃகை 1900-இல் பாரிஸ் கண்காட்சியில் ஓட்டிக் காட்டியபோது, முனை சிவக்கச் சிவக்க இரும்பை வெட்டியதாம். பழைய கார்பன் எஃகு 250 டிகிரி வாக்கிலேயே இளகிவிடும்; இது ஏறக்குறைய 600 வரை தாங்கும். அவ்வளவு தாங்குகிற பிட்டைத்தான் பெரியவர் கைக்குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல அடிக்கடி தண்ணீரில் நனைத்தார். விரலுக்குச் சூடு உறைக்குமுன்பே நனைத்துவிடுவார். பழுக்கவிட்டுத் தண்ணீரில் போட்டால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும்.

முதலில் பக்கவாட்டு. பிறகு முன்முகம். கீழே எட்டு, பத்து டிகிரி உள்வாங்க வேண்டும். இல்லையென்றால் வெட்டாமல் உரசும். அதிகம் உள்வாங்கினால் விளிம்புக்கு முட்டு இருக்காது, உதிர்ந்துவிடும். கோணமானி எதுவும் அங்கே இல்லை. முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு, உடம்பையே இடவலமாக லேசாக அசைத்தார். பிட் கல்லின் முகம் முழுக்க மேய்ந்தது. ஒரே இடத்தில் நின்றிருந்தால் கல்லில் பள்ளம் விழுந்திருக்கும்.

அவர் தேய்த்த நேரத்தைவிடப் பார்த்த நேரமே அதிகம். ஒரு தேய்ப்பு, ஒரு முக்கு, பிறகு வெளிச்சத்தில் நீண்ட பார்வை. அந்தப் பார்வைக்காகவே நான் முக்காலியை முன்னால் நகர்த்திக்கொண்டேன்.

"அழுத்திப் புடிச்சா சீக்கிரம் ஆயிருமுங்களாண்ணா?"

"சூடுதான் ஏறும் கண்ணு."

மேல்முகத்தில் சுருள் வழுக்கி ஓட ஒரு சரிவு. மூக்கைத் துளி உருட்டினார். கடைசியில் எண்ணெய்க் கல்லில் நாலைந்து இழுப்பு. கட்டைவிரல் நகத்தில் விளிம்பை மெல்ல வைத்தார், வழுக்கவில்லை, பிடித்தது.

போஸ்ட்டில் வைத்து, அடியில் உடைந்த ஹேக்ஸா பிளேடுத் துண்டுகளைச் செருகி உயரம் பார்த்தார். முனைக்கும் ஷாப்டுக்கும் நடுவே சின்ன ஸ்டீல் ஸ்கேலை மெல்லக் கவ்வவிட்டார். அது சாயாமல் செங்குத்தாக நின்றது. மெஷின் ஓடியது. இந்த முறை கிறீச்சு இல்லை. வெள்ளிச் சுருள் ஒன்று சளசளவென்று இறங்கித் தட்டில் விழுந்தது. கடைசி வெட்டு முடிந்து மைக்ரோமீட்டர் வைத்தபோது 20.01.

ஷாப்டைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார்கள். காசு கொடுத்த பிறகும் நான் எழுந்திருக்கவில்லை. தகர டப்பாவிலிருந்து ஒரு கட்டை பிட்டை எடுத்துப் பையன் கையில் வைத்துவிட்டு, பெரியவர் டீ குடிக்க உட்கார்ந்திருந்தார். பையன் ஒதுங்கி நின்று சுவிட்சைப் போட்டான். கல் சீராகும்வரை காத்திருந்தான். சிவப்புக் கீற்றுகள் குட்டையாகப் பறந்தன. தண்ணீரில் முக்கி, டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தான். வெள்ளைக் கோடு இன்னும் இருந்தது போலும். மறுபடி கல்லுக்குப் போனான்.